மண்ணுல ஓடின டயர் ஏன் பழுப்பாகுது? ஒரு ஜீப், ஒரு ஸ்டெப்னி, கொஞ்சம் வேதியியல்

(ஒலி எபிசோடில் பேசியதை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கோம். பேச்சு நடை அங்கங்கே அப்படியே இருக்கும்.)

போன மாசம் எங்க மாமா எனக்கு வாட்ஸ்அப்ல நாலு போட்டோ அனுப்பினார். நாலுமே டயர் போட்டோ. கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "டேய், நல்லா ஏமாத்திட்டானுங்கடா. ரெண்டாம் தரம் டயரைத் தலையில கட்டிட்டானுங்க. கலர் போகுது பாரு."

கதை இதுதான். மாமாவுக்கு மயிலாப்பூர்ல, குளத்துக்குப் பக்கத்துத் தெருவுல வீடு. செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய ஜீப் வாங்கியிருக்கார். பழைய ஓனர் விற்கிறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் நாலு ஆஃப்-ரோடு டயர் போட்டிருந்தார். பெரிய பெரிய கட்டையா வச்சது, நம்ம ஊர்ல பட்டன் டயர்னு சொல்வோமே, அந்த ரகம். பக்கவாட்டுல வெள்ளை எழுத்து வேற. மாமா வண்டியை வாங்கினதே பாதி அந்த எழுத்துக்காகத்தான்னு அத்தை சொல்வாங்க.

பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கும்பிட ஊருக்குப் போனார். எங்க ஊர் திருச்செந்தூர் பக்கம், தேரிக்காட்டை ஒட்டி. தேரியைப் பார்க்காதவங்களுக்குச் சொல்றேன்: தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள்ல கடற்கரைக்குக் கொஞ்சம் உள்ளே, ரத்தச் சிவப்புல மணல் மேடு மேடா இருக்கும். நடுவுல பனை, முந்திரி. அந்த மண் பாதையில ரெண்டு நாள் வண்டி ஓட்டிட்டு, அறுநூறு கிலோமீட்டருக்கு மேல திரும்பி ஓட்டி வந்து, தி.நகர்ல ஒரு வாட்டர் வாஷ் கடையில விட்டிருக்கார். கழுவும்போது டயர் கறுப்பு. வீட்டுக்கு வந்து காஞ்சதும் பழுப்பு. மறுபடி கழுவினார். மறுபடி பழுப்பு. மூணாவது தடவை கடைக்காரரே, "சார், இது மண்ணு இல்ல, டயரே அப்படித்தான்"னு சொல்லிட்டாராம். வெள்ளை எழுத்தெல்லாம் டீத்தண்ணியில முக்கினது மாதிரி ஆயிடுச்சு.

இதுவரைக்கும் சிரிச்சுட்டு விட்டுடலாம். அடுத்து அவர் சொன்னதுதான் என்னை எழுந்து உட்கார வச்சது. "பின்னாடி கதவுல மாட்டியிருக்கிற ஸ்டெப்னி மட்டும் கருகருன்னு அப்படியே இருக்குடா. அதுதான் ஒரிஜினல் டயர். நான் என்ன நினைக்கிறேன்னா, முன்னாடி ரொம்ப மோசமா இருக்கிற ஒண்ணைக் கழட்டிட்டு அதை மாட்டிட்டு, அடுத்த வாரம் திருப்பதி போயிட்டு வந்திடறேன். அப்புறம் அதே மாதிரி இன்னும் மூணு தேடலாம்."

நான் மெக்கானிக் கிடையாது. கோடு எழுதிப் பிழைக்கிறவன். ஆனா ஒரு ப்ரோக்ராம்ல எர்ரர் மெசேஜே வரலைன்னா ப்ரோக்ராம் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லைங்கிறது என் தொழில்ல முதல்ல கத்துக்கிற விஷயம். அதனால, "மாமா, ஞாயித்துக்கிழமை வரேன், அதுவரைக்கும் எதையும் கழட்டாதீங்க"ன்னு சொன்னேன்.

முதல்ல, மண்ணா இல்லையான்னு பார்க்கணும். ஒரு பக்கெட் தண்ணி, ஒரு ஷாம்பு பாக்கெட், பழைய டூத் பிரஷ், மாமாவோட கிழிஞ்ச வேட்டித் துண்டு. முதல் துடைப்புல துணி செக்கச்செவேல்னு வந்துச்சு. பக்கெட்டைப் பத்து நிமிஷம் ஆடாம வச்சா, அடியில செம்மண் படிஞ்சு மேல தண்ணி தெளிஞ்சுடுச்சு. அது தேரி. தேரி மணலோட சிவப்பு, மணல் துகள் மேல பூசின மாதிரி இருக்கிற இரும்பு ஆக்சைடு, கூடவே கொஞ்சம் களிமண் பொடி. முக்கியமான விஷயம், இது சாயம் இல்லை. துணியில மஞ்சள் ஏறுற மாதிரி ரப்பருக்குள்ள ஊறிப் போகாது. துகளாத்தான் ஒட்டிக்கிட்டு இருக்கும், தேய்ச்சா வந்துடும்.

ரெண்டாவது, மூணாவது துடைப்புல சிவப்பு நின்னு போச்சு. ஆனா துணியில லேசா ஒரு டீ கலர் மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு. அதைப் பக்கெட்ல அலசிட்டு வச்சா அடியில எதுவும் படியலை. மண்ணா இருந்தா படிஞ்சிருக்கணும்.

அப்போ பக்கத்துல நின்ன ஒரு ஸ்கூட்டரைப் பார்த்தேன். கீழ் வீட்டுத் தாத்தாவோடது. லஸ் கார்னரைத் தாண்டி அது போயிருந்தாலே அதிசயம். தேரி மண்ணை அது கனவுல கூடப் பார்த்ததில்லை. அதோட டயர் பக்கவாட்டுலயும் அதே பழுப்பு, கொஞ்சம் கம்மியா. நானும் மாமாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். வாட்டர் வாஷ் கடைக்காரர் சொன்னது சரிதான். அந்தப் பழுப்பு வெளியிலிருந்து வரலை, டயருக்குள்ளிருந்து வருது.

எப்படின்னு புரிய, டயர் ஏன் கறுப்புங்கிறதுல தொடங்கலாம். ரப்பர் பால் வெள்ளை. ஆரம்ப காலத்து டயர்களும் வெளிர் நிறம்தான். மிஷெலின் கம்பெனியோட அந்தக் கொழுகொழு பொம்மை 1898-ல வரைஞ்சது. அவர் ஏன் வெள்ளையா இருக்கார்னா, அன்னைக்கு டயர் அப்படித்தான் இருந்துச்சு. 1910-கள்லதான் ரப்பர்ல கார்பன் பிளாக் சேர்க்கிறது பரவ ஆரம்பிச்சுது. கார்பன் பிளாக்னா நுணுக்கமான கரி, நம்ம ஊர் விளக்குக் கரிக்குச் சொந்தக்காரன். அழகுக்காகச் சேர்க்கலை. அது சேர்ந்தா ரப்பர் தேயறது ரொம்பக் குறையும், வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிரையும் அது வாங்கிக்கும். இன்னைக்குச் சாதாரண டயர் ஒண்ணுல கிட்டத்தட்ட கால் பங்கு எடை அந்தக் கரிதான்.

ஆனா கரியால தடுக்க முடியாத எதிரி ஒருத்தன் இருக்கான்: ஓசோன். வானத்துல இருந்தா நமக்குக் குடை, தரையில இருந்தா தொந்தரவு. வண்டிப் புகையில இருக்கிற நைட்ரஜன் ஆக்சைடும், பெட்ரோல் ஆவி மாதிரியான கரிமச் சேர்மங்களும் வெயில்ல சேர்ந்து தரைமட்டத்துல ஓசோனை உண்டாக்குது. புகையும் வெயிலும் ரெண்டுமே தாராளமா இருக்கிற ஊர் நம்ம ஊர், அதைத் தனியாச் சொல்ல வேண்டியதில்லை.

ரப்பர்ங்கிறது ஒரு நீளமான மூலக்கூறுச் சங்கிலி. அந்தச் சங்கிலியில வரிசையா இரட்டைப் பிணைப்புகள் இருக்கும். ஓசோன் நேரா அங்க போய் வெட்டும். இழுபட்ட நிலையில இருக்கிற ரப்பர்ல வெட்டு விழுந்தா அது வாயைத் திறந்து விரிசலாகும், விரிசலுக்குள்ள புது ரப்பர் தெரியும், அதையும் ஓசோன் வெட்டும். வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சாதாரண ரப்பர் பேண்டை டம்ளர்ல இழுத்து மாட்டி மொட்டை மாடியில நிழலா ஒரு இடத்துல வைங்க. இன்னொண்ணை இழுக்காம மேஜை டிராயர்ல போடுங்க. சில நாள்ல மாடியில இருக்கிறது முதல்ல வெடிச்சுப் போயிருக்கும். டயர் எப்பவும் காத்தால இழுபட்டேதான் இருக்கு, ஓடும்போது ஒவ்வொரு சுத்துலயும் வளைஞ்சு நிமிருது. அந்த டம்ளர் ரப்பர் பேண்டு நிலைமைதான் அதுக்கும்.

(சின்ன இடைச்செருகல்: சென்னைக்கு ரப்பரோட பழைய உறவு. எம்ஆர்எஃப், அதாவது மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, 1946-ல திருவொற்றியூர்ல கே.எம். மம்மன் மாப்பிள்ளை தொடங்கினப்போ பண்ணினது டயர் இல்லை, பலூன். பலூன் வாங்கி ஒரு வருஷம் பீரோவுல மறந்து வச்சவங்களுக்குத் தெரியும், பாதுகாப்பு இல்லாத ரப்பரோட ஆயுசு எவ்வளவுன்னு.)

அதனால டயர் செய்றவங்க ரப்பர் மாவைப் பிசையும்போதே ரெண்டு சாமானைச் சேர்க்கறாங்க. ஒண்ணு மெழுகு. அது மெல்ல மெல்ல மேல வந்து ஒரு படலமா மூடிக்கும். வண்டி நின்னுக்கிட்டிருந்தா அது போதும். ஓட ஆரம்பிச்சா, டயர் வளைய வளையப் படலம் உடைஞ்சு போகும். அதுக்குத்தான் ரெண்டாவது சாமான். பெயர் 6பிபிடி. நூறு கிராம் ரப்பருக்கு ஒண்ணு ரெண்டு கிராம்தான் இருக்கும். இது ரப்பருக்குள்ள கரைஞ்சிருக்கும். மேல்பரப்புல தீரத் தீர உள்ளேயிருந்து கசிஞ்சு மேல வரும். வெயில் சூட்டுல இன்னும் வேகமா வரும். ஓசோன் வந்தா ரப்பரைத் தொடறதுக்கு முன்னாடி இது போய் அதோட மோதி, தன்னையே அழிச்சுக்கும்.

அப்படி அழிஞ்சு மிச்சம் இருக்கிற பொருளோட நிறம்தான் பழுப்பு.

அதாவது மாமா ரெண்டாம் தரம்னு திட்டிக்கிட்டு இருந்தது, டயர் தன்னைக் காப்பாத்திக்கிட்டதோட தடயம். எங்க பாஷையில சொன்னா அது எர்ரர் இல்லை, லாக். "ஓசோன் வந்தது, தடுத்தாச்சு"ன்னு டயர் எழுதி வச்ச வரி. வெள்ளை எழுத்து டீ கலர் ஆனதுக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். எழுத்து இருக்கிற ரப்பர்ல கரி கிடையாது, வெள்ளை நிறமி போட்டிருக்கும். சுத்தி இருக்கிற கறுப்பு ரப்பர்லேருந்து 6பிபிடி அதுக்குள்ள கசிஞ்சு வரும். கறுப்புல கொஞ்சம் மறைஞ்சிருக்கிற கறை வெள்ளையில அப்பட்டமா தெரியும்.

மாமா விடலை. "சரிடா, அப்போ தாத்தா ஸ்கூட்டர்ல கொஞ்சமா இருக்கு, என் டயர்ல மட்டும் ஏன் இவ்வளவு? தேரிக்குப் போறதுக்கு முன்னாடி இப்படி இல்லையே?"

நியாயமான கேள்வி. மண்ணுக்கு இதுல பங்கு இருக்கு, ஆனா நிறம் கொடுக்கிற பங்கு இல்லை, உரசுற பங்கு. மணல் உப்புத்தாள் மாதிரி. பக்கவாட்டுல பளபளன்னு இருந்த மெழுகுப் படலத்தை அது சுரண்டி எடுத்துடும், ரப்பரோட தோலையும் சொரசொரப்பாக்கிடும். சொரசொரப்பான பரப்பு வெளிச்சத்தை நாலாப் பக்கமும் சிதறடிக்கும், அதனால கறுப்பே வெளிறிச் சாம்பலாத் தெரியும். அந்தச் சொரசொரப்புக்குள்ள களிமண் பொடி போய் உட்காரும். அதுக்கு மேல உள்ளேயிருந்து வர்ற பழுப்பு. மூணும் ஒண்ணு மேல ஒண்ணு.

ஆஃப்-ரோடு டயரோட உடம்பு வாகும் ஒரு காரணம். சாதாரண கார் டயர்ல ரோட்டைத் தொடுற பரப்பு தினமும் தேஞ்சுக்கிட்டே இருக்கும், பழுப்பு சேர்றதுக்கே நேரம் கிடைக்காது. பட்டன் டயர்ல ஒவ்வொரு கட்டைக்கும் நடுவுல அகலமான பள்ளம், பக்கவாட்டுலயும் கட்டை ஏறியிருக்கும். தார் ரோட்டைத் தொடவே தொடாத ரப்பர் அதுல ஏராளம். கல்லுல கிழியாம இருக்கணும்னு இந்த ரக டயர்கள்ல பெரும்பாலும் இயற்கை ரப்பரை நிறையப் போடுவாங்க, அது ஓசோனுக்குப் பயந்த ரப்பர். இதுக்கெல்லாம் மேல, இந்த வண்டிங்க வாரத்துல அஞ்சு நாள் வெயில்ல சும்மா நிக்கிற வண்டிங்க. மாமா ஜீப் தேரிக்குப் போயிட்டு வந்தது நாலு நாள். அதுக்கப்புறம் மூணு வாரம் தெருவுலயே நின்னுச்சு. அதை அவர் கணக்குல சேர்க்கவே இல்லை!

கழுவும்போது மட்டும் கறுப்பா தெரியுதே, அது? மெரினாவுல அலை நனைச்ச மணல் ஏன் காஞ்ச மணலைவிடக் கருமையா இருக்கோ, அதே காரணம். சொரசொரப்புல இருக்கிற சின்னச் சின்னப் பள்ளங்களைத் தண்ணி நிரப்பிடும். சிதறித் திரும்பி வர்ற வெளிச்சம் குறையும், கறுப்பாத் தெரியும். தண்ணி காஞ்சா பழைய கதை. இதை ஏன் இவ்வளவு விவரமாச் சொல்றேன்னா, டயர் பாலிஷும் இதே வேலையைத்தான் செய்யுது. தண்ணிக்குப் பதிலா சிலிக்கோன் எண்ணெய் பள்ளத்தை நிரப்பும், அது ஆவியாகாது. அவ்வளவுதான் வித்தியாசம். கறுப்பா இருக்கு, புதுசா இருக்குங்கிறது ரெண்டும் ஒண்ணு இல்லை.

இப்போ ஸ்டெப்னிக்கு வருவோம்.

பார்க்க உண்மையிலேயே அழகா இருந்துச்சு. மூஞ்சி தெரியுற மாதிரி கறுப்பு. நான் வேட்டித் துண்டை நனைச்சுத் துடைச்சேன், துணியில பழுப்பே வரலை, எண்ணெய்ப் பிசுக்குதான் வந்துச்சு. ரெண்டு தடவை ஷாம்பு போட்டுத் தேய்ச்ச பிறகு டார்ச் அடிச்சு, கட்டைகளுக்கு நடுவுல இருக்கிற பள்ளத்தைப் பார்த்தோம். மயிரிழை மயிரிழையா விரிசல். ரிம்முக்கு மேல, பக்கவாட்டுல விரலால அழுத்தினா அங்கயும் குட்டிக் குட்டிக் கோடு வாயைத் திறந்துச்சு, ஏரி காஞ்ச தரை மாதிரி.

அப்புறம் எண். இதை எல்லாரும் இன்னைக்கே போய்ப் பாருங்க. டயர் பக்கவாட்டுல டிஓடின்னு ஆங்கிலத்துல தொடங்குற ஒரு குறியீடு இருக்கும். சில சமயம் ஒரு பக்கம் மட்டும்தான் முழுசா இருக்கும், அதனால உள்பக்கமும் தேடுங்க. அதோட கடைசி நாலு இலக்கம், டயர் செஞ்ச வாரமும் வருஷமும். மாமாவோட நாலு பழுப்பு டயர்லயும் 0823. அதாவது 2023-ம் வருஷம் எட்டாவது வாரம். ஸ்டெப்னியில 3114. 2014-ம் வருஷம் முப்பத்தொண்ணாவது வாரம். ஜீப்போட கூடவே பிறந்த டயர். ஒரு தடவை கூடத் தரையில ஓடினதில்லை போல, கட்டையெல்லாம் முழுசா இருந்துச்சு. ஆனா உள்ளே அனுப்பி வைக்க 6பிபிடி மிச்சம் இல்லை. அது பழுப்பாகாம இருந்ததுக்குக் காரணம் தரம் இல்லை. சரக்கு தீர்ந்து போச்சு, மேல பாலிஷ் போட்டு மூடியிருந்துச்சு.

இதைத்தான் அவர் முன்பக்கம் மாட்டிக்கிட்டு, வண்டி நிறைய ஆளோட, மேல சாமானோட, மே மாச வெயில்ல நெடுஞ்சாலையில போறதா இருந்தார். மாமா ரொம்ப நேரம் பேசலை. அந்த நாலு இலக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சுப் பார்த்தார். அத்தை உள்ளேயிருந்து, "என்ன, சத்தத்தையே காணோம்?"னு கேட்டாங்க.

பல டயர் கம்பெனிகள் சொல்ற கணக்கு இது: அஞ்சு வருஷம் தாண்டின டயரை வருஷத்துக்கு ஒரு தடவை தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க. பத்து வருஷம் ஆயிடுச்சுன்னா தேயாம இருந்தாலும் மாத்திடுங்க. ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும்.

பராமரிப்பு பத்திக் கொஞ்சம். தண்ணி, சாதாரண சோப்பு, பிரஷ் போதும். கெரசின், டீசல் போட்டுத் துடைக்கிற பழக்கம் நம்ம ஊர்ல இன்னும் இருக்கு, அதை விட்டுடுங்க. அது ரப்பரை ஊத வைக்கும், உள்ளே இருக்கிற மெழுகையும் 6பிபிடியையும் கரைச்சு வெளியே கொண்டு வந்துடும். பாலிஷ் போட்டே ஆகணும்னா தண்ணி அடிப்படையில செஞ்சதை வாங்குங்க, பக்கவாட்டுல மட்டும் போடுங்க. தரையைத் தொடுற பரப்புல போடாதீங்க, முக்கியமா பைக்ல. முதல் வளைவுலயே வழுக்கி விட்டுடும். செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போறவங்க கையில ஒரு ஈரத்துணியும் ஒரு டார்ச்சும் எடுத்துட்டுப் போங்க.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா 6பிபிடிக்கு விளம்பரம் பண்ணின மாதிரி ஆயிடும். அமெரிக்காவுல சியாட்டில் பக்கம், மழை பெய்ஞ்சா ஓடைகள்ல கோஹோ சால்மன்ங்கிற மீன் முட்டையிடறதுக்கு முன்னாடியே செத்து மிதக்கும். பல வருஷமா காரணம் புரியலை. 2020 டிசம்பர்ல ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சு வெளியிட்டாங்க: 6பிபிடி ஓசோனோட சேர்ந்து உண்டாகுற 6பிபிடி-குவினோன்ங்கிற பொருள், டயர்த் தூளோட மழைத் தண்ணியில அடிச்சுக்கிட்டு ஓடைக்குப் போய்ச் சேருது. ரொம்பச் சின்ன அளவுலயே அந்த மீனைக் கொல்லுது. 2023-ல கலிஃபோர்னியா அரசு, டயர் கம்பெனிகள் இதுக்கு மாற்று தேடியே ஆகணும்னு விதி கொண்டு வந்துச்சு. சுலபமான வேலை இல்லை. மாற்றுப் பொருளும் ரப்பருக்கு முன்னாடி ஓசோனைப் பிடிக்கணும், வருஷக்கணக்கா கசிஞ்சு வரணும், நெடுஞ்சாலையில டயர் வெடிக்காம இருக்கணும், மீனையும் கொல்லக் கூடாது. நம்ம கடல்ல கோஹோ சால்மன் கிடையாது. ஆனா டயர்த் தூள் இங்கயும் மழைநீர் வடிகால் வழியாத்தான் போகுது. அடையாறு பாலத்து மேல மழை நாள்ல டிராஃபிக்ல நிக்கும்போது இப்போல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வந்துடுது.

மாமா அடுத்த வாரமே புது ஸ்டெப்னி வாங்கிட்டார். கடையில பில் போடறதுக்கு முன்னாடி நாலு இலக்கத்தைக் காட்டச் சொல்லி நின்னாராம். பழைய டயரை அவரே வாட்டர் வாஷ் கடையில கொண்டு போய்க் காட்டிட்டு வந்திருக்கார், "நீங்க சொன்னது சரிதாங்க"ன்னு. நாலு பழுப்பு டயரும் வண்டியிலதான் இருக்கு, திருப்பதி போயிட்டு வந்தாச்சு.

வெள்ளை எழுத்து மட்டும் அவருக்கு இன்னும் மனசு ஆறலை. நேத்து போன் பண்ணி, "டயரைத் திருப்பி, எழுத்தை உள்பக்கமா வச்சு மாட்டிடலாமாடா?"ன்னு கேட்டார். சுத்துற திசைக்கு அம்புக்குறி போட்ட டயரா இல்லாட்டி மாட்டலாம். பார்த்துச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.